கிட்டார் எங்களுக்குப் புதுசா?

பாசிக்குடாக் கடற்கரையில எங்கட ஸ்பீக்கரில ‘தி எஃப்16ஸ்’ பாடிக்கொண்டிருந்திச்சு. பக்கத்தில இருந்த மாமா ஒருவர் கேட்டார்: “வெள்ளைக்காரன்ட பாட்டு எங்களுக்கு என்னத்துக்கு?”

பாடினது சென்னைக் குழு. 2012ல் தொடங்கியது. துள்ளலான கிட்டார் பொப்பையும் சிந்தசைசரையும் கலந்து ஆங்கிலத்தில பாடுறாங்க. 2019ல் வந்த ‘வீக்கெண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ கேட்டுப் பாருங்க, கால் சும்மா இராது.

ஆனா இந்தத் துள்ளல் எங்கட ஊருக்குப் புதுசில்ல. 1628ல் மட்டக்களப்பில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர், 1638ல் அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். அவர்கள் வழிவந்த பறங்கியர் வாவிக்கரையிலேயே வாழ்கிறார்கள். அவர்களுடைய கலியாண வீடுகளில் வயலின், கிட்டாரோடு கபிரிஞ்ஞா ஆடுவார்கள். பைலா கிளைவிட்டது இந்த மரபில இருந்துதான். அந்தப் பைலாத் துள்ளலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ‘சின்ன மாமியே’ பாடிய நித்தி கனகரத்தினம். ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்து தமிழ்நாட்டையும் ஆட வச்சுது. 1970களில் இலங்கைத் தமிழ்ப் பொப் எண்டால் இவங்கதான்.

1983க்குப் பிறகு யுத்தம் பாடினவங்களையும் கேட்டவங்களையும் நாடு நாடாகச் சிதறடிச்சுது. லண்டனில் மாயா அருட்பிரகாசம் ரோலண்ட் எம்சி-505 என்ற மின்னிசைக் கருவியை வைத்துப் பாட்டுக் கட்டி, 2005ல் ‘அருளர்’ வெளியிட்டார். அதுவும் ஆங்கிலத்தில்தான்.

ஆக, மாமா, கிட்டார் எங்களிட்ட எப்பவோ வந்துட்டுது. சிந்தசைசரும் வந்துட்டுது. இடையில விடுபட்டது தமிழ் மட்டும்தான். ‘சின்ன மாமியே’க்குத் தமிழ் தடையா இருக்கல்ல, அடுத்த பாட்டுக்கு மட்டும் ஏன் இருக்கணும்?