உணவு முத்திரையும் ஊரார் பார்வையும்: அமெரிக்க மளிகைக்கடை வரலாறு ஒன்று

ஈகையைப் பற்றி நம் மலர்களில் நிறையவே எழுதப்பட்டுள்ளது. கொடுப்பவரின் கடமை என்ன, எவ்வளவு கொடுக்க வேண்டும், அதைக் கணக்கிடுவது எவ்வாறு என்பனவற்றை ஆலிம் பெருமக்கள் தெளிவாக விளக்கியுள்ளனர். ஆனால் உதவி பெற்றவர் அதைக் கையில் ஏந்தியபடி ஊரார் நடுவே நடந்து செல்லும்போது அவர்மீது விழும் பார்வையைப் பற்றி எழுதப்பட்டது குறைவே. அந்தப் பார்வைக்கும் ஒரு வரலாறு உண்டு. அது மிக விரிவாகப் பதிவாகியுள்ள நாடு அமெரிக்கா. பதிவாகியுள்ள இடம் அந்நாட்டு மளிகைக்கடையில் பில் போடும் வரிசை. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இன்று அந்த நாட்டில் குடும்பத்துடன் வாழ்ந்து, அந்த வரிசைகளில் நின்று பொருள் வாங்குகின்றனர். ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான செய்தியன்று.

1930களின் பெருமந்தக் காலத்தில் அந்நாட்டில் ஒரு விந்தையான நிலை நிலவியது. களஞ்சியங்களில் கோதுமை குவிந்து கிடந்தது. விலை வீழ்ந்து விவசாயி நொடித்தார். நகரங்களிலோ வேலையிழந்த குடும்பங்கள் பட்டினி கிடந்தன. விலையை நிமிர்த்துவதற்காக 1933ஆம் ஆண்டு முளைத்து நின்ற பருத்தியை உழுது அழித்தார்கள். இலட்சக்கணக்கில் கால்நடைகளையும் கொன்றார்கள். மக்கள் கொதித்தெழவே, எஞ்சிய விளைபொருட்களை அரசே வாங்கி ஏழைகளுக்கு வழங்கத் தொடங்கியது. அதற்கெனத் திறக்கப்பட்ட கிடங்குகளின் வாசலில் ஏழைகள் பையுடன் காத்துக் கிடந்தனர். அவர் ஏழை என்பதை அந்த வாசலே ஊருக்கு அறிவித்துவிட்டது. கடைக்காரர்களுக்கோ வேறு குறை: அரசு இலவசமாகக் கொடுத்தால் எங்கள் சரக்கை யார் வாங்குவார்?

இந்த இரு சிக்கல்களுக்கும் சேர்த்துக் கண்ட விடைதான் 'ஃபுட் ஸ்டாம்ப்' எனப்பட்ட உணவு முத்திரை. ஹென்றி வாலஸ் வேளாண்மை அமைச்சராக இருந்த காலத்தில், 1939 மே 16ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் அது தொடங்கிற்று. திட்டத்தின் முதல் நிர்வாகி மிலோ பெர்க்கின்ஸ், டெக்ஸாஸில் சாக்குப் பை வணிகம் செய்தவர். ஆகவே கடைத்தெருவின் கணக்கு அவருக்குத் தெரியும். உதவி பெறும் குடும்பம் தான் வழக்கமாக உணவுக்குச் செலவிடும் தொகையைக் கொடுத்து ஆரஞ்சு நிற முத்திரைகளை வாங்க வேண்டும். ஒவ்வொரு டாலருக்கும் ஐம்பது சென்ட் மதிப்புள்ள நீல முத்திரைகள் இலவசமாகக் கிடைக்கும். ஆரஞ்சு முத்திரைக்கு எந்த உணவுப் பொருளையும் வாங்கலாம். நீல முத்திரைக்கு வெண்ணெய், முட்டை, பயறு என அரசு 'உபரி' என்று அறிவித்த பொருட்களை மட்டுமே வாங்க இயலும்.

இதில் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இத்திட்டத்தால் பயன் பெற்றவர் மூவர்: உபரி விற்றுப்போன விவசாயி, வியாபாரம் பெருகிய கடைக்காரர், பசி தீர்ந்த ஏழை. கிடங்கு வாசலிலிருந்து ஏழையை மீட்டு, எல்லாரும் செல்லும் கடைக்கு எல்லாரையும் போல அனுப்பியது உண்மையிலேயே ஒரு கண்ணிய முன்னேற்றம்தான். ஆயினும் அந்தக் கடையில் அவர் கையிலிருந்த தாளுக்கு மட்டும் வேறு நிறம். விவசாயி பெற்ற உதவிக்கு நிறம் இல்லை. கடைக்காரர் பெற்ற இலாபத்துக்கும் நிறம் இல்லை. பின்னால் நிற்பவர் கண்ணுக்குப் புலப்பட்டது ஏழையின் தாள் மட்டுமே.

நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் ஏதேனும் ஒரு காலத்தில் இத்திட்டத்தால் பயனடைந்தனர். 1943இல் அது நின்றது. உலகப் போரினால் வேலையும் பெருகிற்று, உபரியும் கரைந்தது. முத்திரைக்குத் தேவையில்லை என முடிவு செய்யப்பட்டது.

போருக்குப் பின் உபரி மீண்டும் மலைபோல் குவிந்தது. 1954இல் இயற்றப்பட்ட பி.எல்.480 என்னும் சட்டத்தின் வழியாக அந்த உபரியில் ஒரு பகுதி நம் நாட்டுக்கும் கப்பலேறி வந்தது. அன்றைய கோதுமையையும் பால் பவுடரையும் நம் பெரியவர்கள் பலர் இன்றும் நினைவுகூர்வர். அமெரிக்காவில் ஏழையின் தட்டுக்குப் போனதும் கடல் கடந்து நம் துறைமுகங்களில் இறங்கியதும் ஒரே களஞ்சியத்தின் தானியம்தான் என்பதை இங்கு இடைக்குறிப்பாகச் சொல்லி மேலே செல்வோம்.

அதிபர் வேட்பாளராக 1960இல் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வறுமையை நேரில் கண்ட ஜான் கென்னடி, பதவியேற்றபின் 1961இல் உணவு முத்திரையைச் சோதனை முறையில் மீண்டும் கொணர்ந்தார். லிண்டன் ஜான்சன் காலத்தில், 1964இல், அது நிலையான சட்டமாயிற்று. அச்சட்டம் நிறைவேறிய விதமும் அறியத்தக்கது: நகரத்து உறுப்பினர்கள் கோதுமை, பருத்தி விவசாயிகளுக்கான மானியத்தை ஆதரித்தனர், கிராமத்து உறுப்பினர்கள் உணவு முத்திரையை ஆதரித்தனர். விவசாய மானியமும் ஏழையின் உணவும் ஒன்றையொன்று தாங்கியே சட்டமன்றத்தைக் கடந்தன.

புதிய சட்டத்திலும் முன்பணம் கட்டியே முத்திரை வாங்க வேண்டியிருந்தது. கையில் காசே இல்லாதவர் என்ன செய்வார்? மிசிசிப்பி மாநிலத்தின் டெல்டா பகுதியில் இக்கேள்வி உயிர்ப் பிரச்சினையாயிற்று. அங்கே பருத்தித் தோட்டங்களில் இயந்திரம் வந்து கூலி வேலை ஒழிந்திருந்தது. அதுவரை இலவசமாகக் கிடைத்து வந்த தானியத்தை நிறுத்திவிட்டு மாவட்டங்கள் முத்திரைக்கு மாறியபோது, தலைக்கு மாதம் இரண்டு டாலர் கட்டவும் வழியற்ற கறுப்பினக் குடும்பங்கள் முன்னிலும் கொடிய பசியில் வீழ்ந்தன. 1967இல் ராபர்ட் கென்னடியும் ஜோசப் கிளார்க்கும் அக்குடிசைகளுக்குள் நுழைந்து பார்த்தனர். 1968இல் சி.பி.எஸ். தொலைக்காட்சி அமெரிக்காவின் பசியைப் பற்றிய ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. அச்சமயத்தில் பொதுமக்களின் மனம் ஏழையின் பக்கம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். இந்த முன்பண விதியை நீக்கும் சட்டம் 1977இல் இயற்றப்பட்டு, 1979 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஒரே மாதத்தில் பதினைந்து இலட்சம் பேர் புதிதாகச் சேர்ந்தனர். தடுத்து நின்றது சோம்பல் அன்று, அந்த முன்பணமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் இதற்குள் பொதுமக்களின் பார்வை திரும்பத் தொடங்கியிருந்தது. 1976ஆம் ஆண்டுத் தேர்தல் பரப்புரையில் ரொனால்ட் ரீகன் ஒரு கதை சொன்னார். நீங்கள் வரிசையில் நின்று மலிவான கொத்திறைச்சி வாங்குகிறீர்கள். உங்களுக்கு முன்னால் நிற்கும் திடகாத்திரமான இளைஞன் உணவு முத்திரையைக் கொடுத்து விலையுயர்ந்த மாட்டிறைச்சித் துண்டை வாங்கிப் போகிறான் என்பதே அக்கதை. தென் மாநிலத்தில் அவர் அவ்விளைஞனைக் குறிக்கப் பயன்படுத்திய சொல், கறுப்பின ஆடவரை இழிவாகச் சுட்ட அப்பகுதியில் வழங்கிய சொல்லாகும். இக்கதையின் வலிமை எங்கே இருந்தது? கேட்பவர் ஒவ்வொருவரும் கடை வரிசையில் நின்றவரே. புள்ளிவிவரம் எதுவும் தேவைப்படவில்லை. முன்னால் நிற்பவரின் கூடையை எட்டிப் பார்த்தாலே போதும், தாமே நேரில் கண்டதாகத் தோன்றிவிடும். மார்ட்டின் கிலன்ஸ் என்னும் அரசியல் அறிஞர் 1999இல் வெளியிட்ட ஆய்வு நூலில், அந்நாட்டுச் செய்தி இதழ்களில் வறியவராகப் படம்பிடிக்கப்பட்டோரில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவராக இருந்ததையும், உண்மையில் வறியோரில் அவர்களின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் குறைவு என்பதையும் காட்டினார். மற்றொரு வியப்பும் உண்டு. 'ஏழைகளுக்கு உதவலாமா' என்று கேட்டால் ஆம் என்று சொல்வோர் பலர். அதையே அரசு நலத்திட்டம் என்ற பெயரால் கேட்டால் ஆதரவு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கருத்துக் கணிப்புகள் இதைப் பல்லாண்டுகளாகப் பதிவு செய்து வருகின்றன.

அக்காலத்துக் கடையின் நடைமுறையும் இந்தப் பார்வைக்குத் துணை நின்றது. முத்திரைகள் சிறு புத்தகமாகத் தைக்கப்பட்டிருக்கும். காசாளர் கண்முன்னே ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே கிழித்து வைத்திருந்தால் பெரும்பாலும் செல்லாது. சோப்பு, குழந்தையின் டயாபர், மருந்து, சூடாகச் சமைத்த உணவு ஆகியவற்றுக்கு முத்திரை செல்லாது என்பதால், பொருட்களை இரண்டு குவியலாகப் பிரித்து வைத்து, ஒன்றுக்கு முத்திரையும் மற்றதற்குக் காசும் தர வேண்டும். தொடக்க ஆண்டுகளில் சில்லறைக்குப் பதிலாகக் கடைகள் தம் பெயர் பொறித்த வில்லைகளைக் கொடுத்ததும் உண்டு. இத்தனையும் முடியும்வரை வரிசை நகராது. பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார். அவர் கடிகாரத்தைப் பார்க்கும் ஒரு பார்வை போதுமே, வாங்குபவர் கூனிக் குறுக! தெரிந்தவர் இல்லாத வேளை பார்த்து, தொலைவிலுள்ள கடைக்குச் சென்றோரைப் பற்றிய செய்திகள் அந்நாட்டு எழுத்துகளில் நிறைய உண்டு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் என 1970களில் வந்த 'விக்' திட்டத்திலோ சீட்டில் எழுதிய பொருளை எழுதிய அளவிலேயே எடுக்க வேண்டும். சிறிது மாறினாலும் திரும்பப் போய் மாற்றி வர வேண்டும்.

பென்சில்வேனியாவின் ரெடிங் நகரில் 1984இல் ஒரு சோதனை தொடங்கிற்று. புத்தகத்துக்குப் பதிலாக, வங்கி அட்டை போன்ற மின் அட்டை. கள்ளச் சந்தையைத் தடுப்பதும் அரசின் செலவைக் குறைப்பதுமே அதன் முதல் நோக்கம்; ஏழையின் கண்ணியம் உடன் கிடைத்த பயன். 1996ஆம் ஆண்டுச் சட்டம் அதை எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கியது. 2004இல் நாடு முழுவதும் அட்டை வந்துவிட்டது. முத்திரையை விலைக்கு விற்கும் மோசடி 1990களின் தொடக்கத்தில் டாலருக்கு ஏறத்தாழ நான்கு சென்ட் என மதிப்பிடப்பட்டிருந்தது, அட்டைக்குப் பின் ஒரு சென்ட் அளவுக்கு இறங்கிற்று. 2008இல் திட்டத்தின் பெயரையும் 'ஸ்னாப்' என மாற்றினர். 'முத்திரை' என்னும் சொல்லோடு ஒட்டிய இழிவு போகட்டும் என்பது அதன் நோக்கம். சட்டத்தில் மாறிய பெயர் மக்களின் நாவில் மாறவில்லை. 2012ஆம் ஆண்டுத் தேர்தலிலும் ஒபாமாவை 'உணவு முத்திரை அதிபர்' என்று நியூட் கிங்ரிச் ஏளனம் செய்தார்.

அதே 1996ஆம் ஆண்டுச் சட்டம் வேறொன்றும் செய்தது. உடல் வலிமையுள்ள, பிள்ளைகளற்ற பெரியவர்களுக்குக் கால வரம்பு விதித்தது; சட்டப்படி குடியேறிய அயல்நாட்டவர் பெரும்பாலோரை விலக்கியது. இதனாலும், அப்போது வேலைவாய்ப்பு பெருகியதாலும், 1994இல் 2 கோடியே 75 இலட்சமாக இருந்த பயனாளிகள் 2000இல் 1 கோடியே 72 இலட்சமாகக் குறைந்தனர். ஆனால் குறைந்தவர் எல்லாரும் வறுமை நீங்கியவர் அல்லர். 2000களின் தொடக்கத்தில், உரிமை இருந்தும் ஏறத்தாழப் பாதிப்பேர் உதவியைப் பெறாமலே இருந்தனர். விண்ணப்பத்தின் சிக்கல், தகுதி இல்லை என்ற தவறான எண்ணம், அச்சம் ஆகியவற்றோடு வெட்கமும் அதற்கொரு காரணம். பார்வையின் விலையை இங்கேதான் நாம் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். கடையில் ஒருவர் வீசிய ஏளனப் பார்வை, அங்கு வராமலே வீட்டில் இருந்துவிட்ட இன்னொருவரின் அடுப்பையும் அணைத்துவிடுகிறது.

தாள் மறைந்தபின் பார்வை கூடையின்மீது இறங்கியது. மிசௌரி மாநிலத்தில் 2015இல் கடலுணவையும் மாட்டிறைச்சித் துண்டையும் பிஸ்கட்டையும் தடைசெய்ய ஒரு மசோதா முன்வைக்கப்பட்டது, அது சட்டமாகவில்லை. அட்டையுடையோரின் கூடையில் உண்மையில் இருந்தது என்ன? வேளாண்மைத் துறை 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பெருங்கடை ஒன்றின் விற்பனைப் பதிவுகளை ஆராய்ந்தது. அட்டை உடையோரின் கூடையும் பிறரின் கூடையும் பெரிதும் ஒத்திருந்தன. டாலருக்கு ஏறத்தாழ நாற்பது சென்ட் இறைச்சி, காய்கனி, பால், முட்டை, ரொட்டி ஆகியவற்றுக்குச் சென்றது. இருபது சென்ட் இனிப்புப் பானம், நொறுக்குத் தீனி, சர்க்கரைக்குச் சென்றது. குளிர்பானத்துக்கு மட்டும் அட்டையுடையோர் சற்றுக் கூடுதலாக, நூற்றுக்கு நான்குக்குப் பதில் ஐந்து என்னும் அளவில், செலவிட்டனர். மக்களின் உடல்நலம் கருதிக் குளிர்பானத்தைக் குறைக்கச் சொல்வதில் தவறில்லை என்பதே நம் கருத்தும். ஆனால் அதை வரிசையில் ஒருவருக்கு மட்டும் விதியாக்கி, அடுத்தவருக்கு விருப்பமாக விடுவது எவ்வகை நீதி என்ற கேள்வி எழாமல் இல்லை. 2025இல் நெப்ராஸ்கா தொடங்கிப் பல மாநிலங்களுக்கு அத்தகைய தடைக்கான அனுமதி வழங்கப்பட்டது. தலைக்கு நாளொன்றுக்குக் கிடைக்கும் தொகை சராசரியாக ஆறு டாலர் அளவே என்பதையும் இங்கு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

அதே 2025ஆம் ஆண்டின் நவம்பரில் ஒரு நிகழ்வு நடந்தது. நிதி ஒதுக்கீட்டில் ஏற்பட்ட பூசலால் மத்திய அரசின் அலுவல்கள் முடங்க, நான்கு கோடிக்கு மேற்பட்டோர் சார்ந்திருந்த இத்திட்டத்தில் பலரின் அட்டைகளில் மாதத் தொகை உரிய நாளில் ஏறாமல் போனது. இத்திட்ட வரலாற்றில் அதற்குமுன் அவ்வாறு நிகழ்ந்ததில்லை. நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்தன. உணவு வங்கிகளின் முன்னே கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. இரக்கப்பட்ட கடைக்காரர் சிலர் அட்டை வைத்திருப்போருக்குத் தள்ளுபடி தர முன்வந்தனர். அப்போது வேளாண்மைத் துறை ஒரு பழைய விதியை அவர்களுக்கு நினைவூட்டியது. உதவி பெறுவோரைக் கடையில் எவ்வகையிலும் தனித்து நடத்தலாகாது, பிறருக்குள்ள அதே விலையும் அதே முறையும் அவர்களுக்கும் இருத்தல் வேண்டும் என்பதே அவ்விதி. தனி வரிசையில் நிறுத்தப்படாமல் ஏழையைக் காக்கும் அந்த விதி, அந்த வாரம் அவருக்குக் கிடைக்கவிருந்த தள்ளுபடியைத் தடுத்து நின்றது. நவம்பர் 12ஆம் நாள் முடக்கம் நீங்கியது. அதன்பின் நிலுவையில் நின்ற தொகையும் அட்டைகளில் ஏறியது.