தாய்மாரின் பேச்சைக் கேட்ட மருத்துவர்

குழந்தை மருத்துவத்தின் முன்னோடிகளைப் பற்றிப் பேசும்போது, நம் மண்ணில் பணியாற்றிய ஒரு பெண்மணியை நாம் மறந்துவிடுகிறோம். அவர்தான் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ்.

1893-இல் ஜமைக்காவில் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் படித்து, 1929-இல் இன்றைய கானாவான கோல்ட் கோஸ்டுக்குப் பணிக்குச் சென்றார். அங்கே ஒன்று முதல் நான்கு வயதுள்ள பிள்ளைகள் கால் வீங்கி, தோல் உரிந்து இறந்துகொண்டிருந்தனர். ஏற்கெனவே தெரிந்த வேறொரு நோய் இது என்றனர் மற்ற மருத்துவர்கள். இவரோ தாய்மாரிடம் போய்க் கேட்டார். அவர்கள் அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள்: 'குவாஷியோர்கர்'. அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தாய்ப்பால் நின்று, வெறும் சோளக் கஞ்சியே உணவாகும்போது புரதக் குறைவால் இந்நோய் வரக்கூடும் என்று 1933-இல் அவர் எழுதினார். தாய்மார் சொன்ன பெயரே 1935-இல் மருத்துவ ஏட்டில் ஏறியது.

1936-இல் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். சிங்கப்பூரில் அவர் கண்டது வேறொரு கொடுமை. பால் நிறுவனங்கள் தாதியர் உடையில் பெண்களை வீடு வீடாக அனுப்பி, இனிப்பு டின்பாலே பச்சிளங்குழந்தைக்கு நல்லது என்று சொல்ல வைத்தன. அதை நம்பிய ஏழைத் தாய்மார் தாய்ப்பாலை நிறுத்தினர். குழந்தைகள் நோயுற்று மடிந்தன. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் பேசிய டாக்டர் வில்லியம்ஸ், அந்த உரைக்கு 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டார். தவறான பிரசாரத்தால் நேரும் இம்மரணங்களைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். அரசுப் பணியில் இருந்த ஒருவர் அன்று அப்படிப் பேச எவ்வளவு துணிவு வேண்டும்!

பிறகு ஜப்பானியர் காலம் வந்தது. திரங்கானுவில் இருந்த அவர் சிங்கப்பூருக்குத் தப்பி வந்தும், 1942-இல் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். சில மாதங்கள் கெம்பெத்தாயின் பிடியிலும் வதைபட்டார். சிறையில் பசியும் பெரிபெரியும் வாட்டின. அங்கே பிறந்த இருபது குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன; இருபதும் உயிர் பிழைத்தன என்று அவர் பின்னர் பதிவு செய்தார். டின்பாலுக்கு வழியில்லாத இடமே அவர் சொன்னதற்குச் சாட்சியானது.

போருக்குப் பின் 1948-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பொருள்களின் விற்பனைக்கு உலக சுகாதாரப் பேரவை 1981-இல் நெறிமுறை வகுத்தது. அவரது உரைக்கு 42 ஆண்டுகள் கழித்து! அதைக் கண்ணால் கண்டு, 1992-இல் தமது 98-ஆவது வயதில் அவர் மறைந்தார்.

புட்டிப்பால் கொடுக்க நேரும் தாயைக் குறை சொல்வது இப்பேச்சின் நோக்கமல்ல. டாக்டர் வில்லியம்ஸும் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. அவளை ஏமாற்றியவர்களைத்தான் நிறுத்தினார். இன்றும் கிளினிக்கில் ஓர் அம்மா தன் பிள்ளையைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொல்லும்போது, அதைக் காது கொடுத்துக் கேட்க ஒருவர் வேண்டும். அந்தப் பாடத்தை நமக்கு விட்டுச் சென்றவர் அவர்.