ஊர் திரும்பிய படைவீரரின் மனநலம்: உத்திரமேரூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

போருக்குச் சென்றவருக்கு அரசு செலுத்திய கடன் தமிழகத்தில் காலந்தோறும் நிலமாகவும் பணமாகவுமே அளக்கப்பட்டது. அவரது மனத்தைப் பேணும் பொறுப்போ அண்மைக்காலம்வரை பெரும்பாலும் வீட்டாரிடமே விடப்பட்டிருந்தது. இதன் தொல்வடிவத்தைச் சங்க இலக்கியத்திலேயே காணலாம். புண்பட்ட கணவனைப் பேய் தீண்டாதபடி மனைவி காத்து நிற்பதைத் தொல்காப்பியம் ‘தொடாக்காஞ்சி’ என்னும் துறையாக வகுக்கிறது. அரிசில்கிழாரின் புறநானூற்றுப் பாடல் (281) அக்காவலின் செய்முறைகளை விரித்துரைக்கிறது: வீட்டில் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு தூவி, யாழும் குழலும் மணியும் ஒலிக்க, காஞ்சிப்பண் பாடி, நறும்புகை எழுப்புகின்றனர். இவற்றை வெறும் பேயோட்டலாகத் தள்ளிவிட இயலாது. புண்பட்டவரைத் தனியே விடாமல், பழகிய ஓசையும் மணமும் சூழ உறவினர் உடனிருப்பதே அதன் சாரம்.

பின்னர், பல்லவர், சோழர் காலத் தொண்டை மண்டலத்தில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எழுந்தது. அவன் குடும்பத்துக்கு ‘உதிரப்பட்டி’ என்ற பெயரில் நிலம் வழங்கும் வழக்கமும் தமிழகத்தில் இருந்தது. இரண்டுமே இறந்தவரைப் பற்றியவை; மீண்டவரின் மனத்தைப் பற்றியவை அல்ல.

ஆங்கிலேயர் ஆட்சியில் உடலும் மனமும் வெவ்வேறு கட்டடங்களுக்குப் பிரிந்தன. சென்னையில் 1794இல் தொடங்கிய மனநோய்க் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. அவ்வூரின் பெயரே வசைச்சொல்லாகும் அளவுக்கு அது மக்களிடம் அச்சத்தை விதைத்தது. முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல்கடந்து சென்றனர். அப்போரின்போதே, சார்ல்ஸ் மையர்ஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் 1915இல் ‘குண்டதிர்ச்சி’ குறித்து எழுதினார். வெளிக்காயமின்றியே பார்வை மங்குதல், நினைவு தப்புதல் போன்றவை நேர்வதை அவர் விவரித்தார். இந்தியாவிலோ, அங்கம் இழந்தோருக்குத் தொழில் கற்பிக்க 1917இல் குயின் மேரி தொழிற்கூடமும், வீரர் நலனுக்கென 1919இல் இந்தியப் போர்வீரர் வாரியமும் அமைந்தன. காலை இழந்தவருக்கு ஒரு கூடம் கிடைத்தது; உறக்கத்தை இழந்தவருக்கு அத்தகைய ஒன்று அமையவில்லை. விடுதலைக்குப் பின் 1949இல் தொடங்கிய கொடிநாள் நிதியும் உதவித்தொகைகளும் இதே தடத்தில்தான் சென்றன.

அமெரிக்க உளமருத்துவக் கழகம் 1980இல் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தக் கோளாறு’ என்னும் நோயை வரையறுத்தது. கண்ட கொடுமை கனவிலும் நினைவிலும் மீண்டும் நிகழ்வதும், அதை நினைவூட்டுவனவற்றை விட்டு விலகுவதும், ஓயாத எச்சரிக்கையுணர்வும் அதன் முதன்மைக் கூறுகள். ஏழாண்டுகள் கழித்து இந்திய அமைதிப்படை இலங்கைக்குச் சென்றது. 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். எதிரில் நின்ற போராளிகளின் மொழியும் தம் தாய்மொழியும் ஒன்றேயான தமிழ் வீரர்களுக்கு, உயிரச்சத்தோடு ‘அறக்காயம்’ என்று இன்று ஆய்வாளர் குறிப்பதும், அதாவது தம் மனச்சான்றுக்கு மாறானதைச் செய்யவோ காணவோ நேர்ந்ததால் எழும் வேதனையும், சேர்ந்திருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு.

படையின் மருத்துவத் தரப்பிரிப்பான ‘ஷேப்’ (SHAPE) முறையில் முதலெழுத்தான S மனநிலையையே குறிக்கிறது. ஆயினும் மனநோயால் பணிநீங்கியவர் ஊனமுற்றோர் ஓய்வூதியம் பெற, நோய் பணியால் விளைந்தது அல்லது பணியால் முற்றியது என்று ஏற்கப்படவேண்டும். சேர்க்கையின்போது குறிக்கப்படாத நோய் பணியால் விளைந்ததாகவே கொள்ளப்படும் என உச்ச நீதிமன்றம் 2013இல் தர்மவீர் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. மனச்சிதைவு நோயில் அவ்வாறு தாமாகவே கொள்ள இயலாது என 2019இல் வேறொரு வழக்கில் கூறியது. காணமுடியாத காயத்துக்குச் சான்று தேடும் சுமை இவ்வாறு நோயாளியின் தோளிலேயே மீண்டும் ஏறியது.

தொண்டை மண்டலத்து உத்திரமேரூர் போன்ற ஏரிப்பாசன வட்டாரத்தில் ‘மிலிட்டரிக்காரர்’ எனப்படுபவர் பெரும்பாலும் நாற்பது வயதையொட்டி ஓய்வு பெற்றுத் திரும்புபவர். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள் அத்தகையோரைக் காவல் பணிக்கு விரும்பி ஏற்கின்றன. நோயின் அறிகுறியாகக் கருதத்தக்க உறங்கா விழிப்பே அங்கு இரவுப்பணிக்குத் தகுதியாகிவிடுவதால், கோளாறு பல ஆண்டுகள் மறைந்தே கிடக்க வழியுண்டு. படைவீரர் கேன்டீனில் கிடைக்கும் மதுவும் அதற்குத் துணைபோகிறது. வேலையும் நின்று வீட்டோடு இருக்கும் அறுபது வயதில்தான் அது குடும்பத்தாருக்கு முழுமையாகத் தெரியவரும்.

1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம், 2003இல் வந்த முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், படைத்துறையினருக்கென 2023 டிசம்பரில் புனேயில் திறக்கப்பட்ட டெலி மானஸ் தொலைபேசிப் பிரிவு என ஏற்பாடுகள் இன்று பல உள்ளன. ஆனால் இவை பெரும்பாலும் நோயாளி தாமே முன்வந்து கேட்பார் என்ற எதிர்பார்ப்பில் இயங்குகின்றன. வாய்விட்டுச் சொல்வதைக் கோழைத்தனமாகக் கருதப் பழக்கப்பட்டவர் அவ்வாறு கேட்பது அரிது. ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ் சான்றுக்காக அலுவலர் முன் நேரில் நிற்கும் வாய்ப்பும், 2014இல் வந்த மின்னணுச் சான்றால் பலருக்கு இல்லாமற்போயிற்று. எனவே, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலருக்கு, படைவீரர் வீட்டில் உறக்கத்தைப் பற்றியும் குடியைப் பற்றியும் மனைவியிடம் தனித்து விசாரிக்கவும், தேவைப்படின் மாவட்ட மனநலக் குழுவுக்குத் தெரிவிக்கவும் பயிற்சியளிப்பதே இவ்வட்டாரத்தில் உடனே செய்யத்தக்கது.