பட்டத்திற்கு எத்தனை கட்டாயம்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கக் கல்லூரிகளில் இளங்கலைப் பட்டம் நாடியவர் அனைவரும் கிரேக்கம், இலத்தீன், கணிதம் ஆகியவற்றை ஏறத்தாழ ஒரே வரிசையில் பயில வேண்டியிருந்தது. 1828இல் வெளிவந்த யேல் அறிக்கையும் இவையே மனத்தைப் பயிற்றுவிப்பன என வாதிட்டு அம்முறைக்கு அரணாக நின்றது. 1869இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட், மாணவரே பாடங்களைத் தெரிவு செய்யும் விருப்பப்பாட முறையைப் படிப்படியாக விரித்ததால், நூற்றாண்டின் இறுதியில் முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியைத் தவிரக் கட்டாயப் பாடம் பெரிதும் எஞ்சவில்லை. துணிவான சீர்திருத்தம்தான், எனினும் பலர் (எளிமை கருதியே) தொடக்கநிலைப் பாடங்களோடு நின்றுவிட்டமையால், 1909இல் எலியட்டிற்குப் பின் தலைவராகப் பொறுப்பேற்ற லாரன்ஸ் லோவெல், பட்டத்திற்குரிய 16 பாடங்களில் 6 ஒரே துறையில் அமைய வேண்டும் என்னும் செறிவு விதியையும், வேறு சில பிற துறைகளில் பரவ வேண்டும் என்னும் பரவல் விதியையும் கொண்டுவந்தார்.