பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குதா? டிஸ்க் மாற்றியும் தீராததற்கு இதுதான் காரணம்!

ராமநாதபுரத்தில் இருந்து ராமேஸ்வரத்துக்கு பழைய காரில் போகிறீர்கள். வேகம் 80 கி.மீ. உச்சிப்புளி பக்கம் ஆடு ஒன்று குறுக்கே வர, பிரேக்கை மிதித்ததும் ஸ்டீயரிங் கிடுகிடுன்னு ஆடுகிறது. பிரேக்கில் இருந்து காலை எடுத்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது.

ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘டிஸ்க் பெண்டு’. புது டிஸ்க்கும் போட்டாச்சு. ஆனால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே நடுக்கம் திரும்ப வருது. ஏன்?

முதலில் வீல் நட்

நடுக்கம் திடீரென ஆரம்பித்திருந்தால், அதிலும் டயர் கழற்றி மாட்டிய பிறகு என்றால், வண்டியை ஓரங்கட்டி வீல் நட்டுகளைப் பாருங்கள். நட் லூஸாக இருந்தால் சக்கரமே கழன்றுவிடும். மற்றதெல்லாம் அப்புறம்.

நட் சரியாக இருந்தால், ஆட்டம் எங்கே தெரிகிறது என்று கவனிக்க வேண்டும். ஸ்டீயரிங் ஆடினால் முன்சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்பக்க டிரம் மேல் சந்தேகப்படலாம். பிரேக் பிடிக்காதபோதும் ஆடினால் வீல் பேலன்ஸிங், டயர் பக்கம் பாருங்கள். ஏபிஎஸ் உள்ள காரில் சடன் பிரேக் போடும்போது பெடல் மட்டும் துடித்தால் அது கோளாறே இல்லை.

உப்புக்காற்று செய்யும் வேலை

மண்டபம் பக்கம் காற்றில் உப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று போதும். உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று பார்க்க, காரைக்குடி சிக்ரி நிறுவனம் அவற்றை வெயிலில் வைத்துச் சோதிக்கும் இடம் அது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலே நிறுத்தப்பட்டது. கார் டிஸ்க்கோ வெறும் வார்ப்பிரும்பு. பேட் உரசும் முகத்தில் பெயிண்ட் அடிக்கவும் முடியாது.

ஆனால் வில்லன் டிஸ்க் மேல் தெரியும் துரு இல்லை. அதற்குப் பின்னால், டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் ஒளிந்திருக்கும் துரு. அதைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மாட்டினால் டிஸ்க் மயிரிழை சாய்ந்து உட்காரும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசி உரசித் தேய, டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடும். அப்போதுதான் ஸ்டீயரிங் ஆடும். டிஸ்க் வளைந்ததாகச் சொல்வதில் பல கேஸ்கள் உண்மையில் இப்படித் தேய்ந்தவைதான்.

அதனால் டிஸ்க் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். “ஹப்பை ஒயர் பிரஷ் போட்டுத் தேய்ச்சிடுங்கண்ணே” என்று சொல்லுங்கள். மாட்டிய பிறகு டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்கச் சொல்லலாம். ஆட்டம் பொதுவாக 0.1 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. கடைசல் போட்டு பழைய டிஸ்க்கையே ஓட்டுவதாக இருந்தால், அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமனுக்குக் கீழே போகக் கூடாது.

அதே சமயம் காலிபர் பின்னையும் பார்த்துவிடுங்கள். துருப்பிடித்து இறுகினால் உள்பேட் ஒரு அளவு, வெளிபேட் ஒரு அளவு தேயும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதற்கு பிரேக்குக்கான கிரீஸ்தான். சாதா கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும்.

பழைய வண்டி என்றால் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட் தேய்மானமும் சேர்ந்துகொள்ளும். இவை நடுக்கத்தை உண்டாக்குவதைவிடப் பெரிதாக்கிக் காட்டும்.

தனுஷ்கோடி போய்விட்டு வந்த மறுநாள் காலையில் டிஸ்க் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் துரு தெரிந்தால் பதற வேண்டாம். நாலைந்து முறை பிரேக் பிடித்தாலே போய்விடும். போகாமல் குழி குழியாக நின்றால் மட்டும் ஒர்க்‌ஷாப்.