மேற்கே இறங்கும் நீர்: வால்பாறையின் நிலப்படம்

தமிழின் திசைப்பெயர்கள் தம்மளவில் ஒரு நிலப்படம். 'மேல்' என்பதிலிருந்து மேற்கும், 'கீழ்' என்பதிலிருந்து கிழக்கும் பிறந்தன. மேற்கே மலை ஓங்கிக் கிழக்கே கடல் நோக்கித் தாழும் நாட்டில் வாழ்ந்தோரே இச்சொற்களைப் படைத்திருக்க இயலும். இதைச் சுட்டிக்காட்டியவர் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல். மலையாளிகளுக்கு மலை கிழக்கே நிற்கிறது. எனினும் அவர்களும் அத்திசையைக் 'கிழக்கு' என்றே அழைக்கின்றனர். அவர்தம் முன்னோர் மலைக்கு இப்பாலிருந்து சென்றவர்கள் என்பதற்கு இதை அவர் ஒரு சான்றாகக் கொண்டார்.

ஆயின் மேல், கீழ் என்பன வரைவோரின் மரபையும் சார்ந்தவை. சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக 1154இல் அல் இத்ரீஸி நிறைவு செய்த உலகப்படத்தில் தெற்கு மேலே இருக்கிறது. இன்றைய கண்ணுக்கு அது தலைகீழ். அன்றைய அரபுப் புவியியலாருக்கு அதுவே பழகிய முறை. மனிதர் வகுத்த மரபுகள் எதற்கும் கட்டுப்படாதது நீர். அது அறிந்த சட்டம் நிலத்தின் சரிவு ஒன்றே.

இதற்கு வால்பாறையே தக்க சான்று. ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி நாம் அடையும் இத்தேயிலை மலை கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே இங்குப் பெய்யும் மழை கொங்குச் சமவெளிக்கு இறங்கும் என்றே எவரும் எண்ணுவர். உயரக்கோடுகள் வரைந்த நிலப்படம் வேறு உண்மையைக் காட்டுகிறது. சோலையாறு மேற்கே ஓடிச் சாலக்குடி ஆற்றில் சேர்கிறது. நீராறு இடமலையாற்றின் வழியே பெரியாற்றை அடைகிறது. இரண்டின் நீரும் இறுதியில் அரபிக்கடலுக்கே உரியது. பண்டைய முசிறித் துறைமுகமும், சேரமான் பள்ளிவாசலின் கொடுங்கல்லூரும் இப்பெரியாற்று முகப்புப் பகுதியைச் சேர்ந்தவையே.

இதனினும் வியப்பு ஆழியாறு. ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சிச் சமவெளியில் இறங்கும் அது கிழக்கே செல்வதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே திரும்பிப் பாரதப்புழையில் கலந்து, பொன்னானியில் கடலடைகிறது. 'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்' இயற்றிய ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் வாழ்ந்த அதே பொன்னானிதான். கோவையின் நொய்யலோ கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்கிறது. ஒரே மாவட்டத்து ஆறுகள் இரு வேறு கடல்களுக்குச் செல்கின்றன. அவற்றைப் பிரிப்பது பெருமலை அன்று. கண்ணுக்கு எளிதில் புலப்படாத சமவெளி மேடே.

கொங்கு நாடோ மழைமறைவு நிலம். எனவே காமராசர் முதல்வராயிருந்த காலத்தில் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் உருவாயிற்று. நீராற்றின் நீர் சுரங்கம் வழியே சோலையாற்றுக்கும், அங்கிருந்து பரம்பிக்குளத்திற்கும், பின்னர் சர்க்கார்பதி வழியே திருமூர்த்தி, ஆழியாறு அணைகளுக்கும் திருப்பப்படுகிறது. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் இதன் பாசனப் பரப்பு. மேற்கே இறங்கிய நீரைப் பொறியாளர்கள் தமிழ்ச்சொல்லின் பொருளுக்கேற்பக் கிழக்கே இறக்கினர் எனலாம்.

நிலப்படத்தின் விந்தை இத்துடன் முடியவில்லை. பரம்பிக்குளம் அணை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. அதை இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாடு. கேரளத்தவர் சாலை வழியே அங்குச் செல்வதும் தமிழ்நாட்டின் சேத்துமடை வழியேதான். 1970 மே 29இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்ட ஒப்பந்தம், ஆண்டுதோறும் மணக்கடவில் 7.25 டி.எம்.சி.யும் கேரளச் சோலையாற்றில் 12.3 டி.எம்.சி.யும் கேரளத்துக்கு உறுதி செய்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யவும் அது இடமளித்தது.

மழை குறையும் ஆண்டுகளில் இரு புறமும் 'எங்கள் நீர்' என்ற முழக்கம் எழுகிறது. நிலப்படத்தை விரித்துப் பார்ப்போர்க்கு இம்முழக்கத்தின் போதாமை விளங்கும். நம் மாவட்டத்தில் பெய்வதால் மட்டும் அம்மழை நம்முடையதாகிவிடாது. மேற்கே சரிவதால் மட்டும் அவர்களுடையதாகவும் ஆகிவிடாது. மாநில எல்லை ஒரு கோடு, நீர்பிரி மேடு மற்றொரு கோடு. இரண்டும் பொருந்தாத இடத்தில் இரு தரப்பையும் இணைத்து நிற்பது கொடுத்த வாக்கு ஒன்றே. திருமூர்த்தி வாய்க்காலை நம்பி விதைக்கும் உழவரும், சாலக்குடி, பாரதப்புழைக் கரைகளில் பயிரிடும் உழவரும் ஒரே மலையின் மழையை எதிர்நோக்கியிருப்பவர்கள் என்பதே வால்பாறை நிலப்படம் நமக்கு உணர்த்தும் செய்தி.