இஹ்ராமும் வியாபாரமும்

அறியாமைக் காலத்தில் ஹஜ்ஜை ஒட்டி உக்காழ், மஜன்னா, துல்மஜாஸ் சந்தைகள் கூடின. இஸ்லாம் வந்தபின், ஹஜ் நாட்களில் அங்கே வாங்கி விற்பது பாவமாகுமோ என ஸஹாபாக்கள் தயங்கினார்கள். அனுமதி தந்தது சூரா பகராவின் 198-ஆம் வசனம். அதற்கு முந்திய 197-ஆம் வசனம் இல்லற உறவையும் பாவச் செயலையும் வீண் சச்சரவையும் விலக்கியது.

கப்பலில் சென்ற நம் பெரியவர்கள் யலம்லமுக்கு நேரே வந்ததும் கடலிலேயே இஹ்ராம் கட்டினார்கள். ஆண்கள் தைத்த ஆடையைக் களைந்தார்கள். இருபாலரும் நறுமணம் பூசுவதையும் முடி, நகம் வெட்டுவதையும் நிறுத்தினார்கள். நேரே ஜித்தா செல்லும் நாமோ இறங்குமுன் விமானத்திலேயே நிய்யத் வைக்கிறோம். வாகனம் மாறினாலும் சட்டம் ஒன்றுதான்.

வியாபாரிகளான நமக்கு அத்தரை விடுவது எளிது. நாவை அடக்குவதே சிரமம். அங்கே பழகிய பொறுமையை நம் கடைக்கும் கொண்டுவருவோம்.